வெறுங்கால் வீட்டுக்கு ஒரு இரும்புப் படி

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு இறங்க மூன்று படிகள். சமையலறைக் கதவைத் திறந்ததும் முதல் படி. மூன்றாவதைத் தாண்டினால் துணி துவைக்கும் கல், கிணற்றடி, ஒரு முருங்கை மரம். அம்மா நாற்பது வருடமாக அந்தப் படிகளில் நாளைக்கு இருபது தடவையாவது ஏறி இறங்குகிறார். சிமென்ட் படிதான். தேய்ந்து, ஓரம் மழுங்கி, நடுவில் லேசாகக் குழி விழுந்திருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் அதன்மேல் பச்சைப் பசேலென்று பாசி. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் வேறு.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் ஒரு காலை, கையில் வாளியோடு இரண்டாவது படியில் கால் வைத்தார். அதற்குப் பிறகு அவருக்கு நினைவிருப்பது, முருங்கை மரத்தின் அடிப்பாகம் கண்ணுக்கு நேரே தெரிந்தது மட்டும்தான். வலது மணிக்கட்டு. ஆறு வாரம் மாவுக்கட்டு. "இடுப்பு தப்பிச்சுதே, அதுக்குச் சந்தோஷப்படுங்க. முதல்ல அந்தப் படியைப் பாருங்க" என்றார் எலும்பு டாக்டர்.

படியைப் பார்க்கக் கிளம்பியவுடன்தான் தெரிந்தது, ஊரில் எல்லோரும் இதில் நிபுணர்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய் என்றார் பெரியம்மா. தேய்த்தோம், பத்து நாளில் பாசி திரும்பி வந்தது. கோணிச் சாக்கை விரி என்றார் பக்கத்து வீட்டு மாமா. விரித்தோம், இந்த முறை சாக்கோடு சேர்ந்து நான் சறுக்கினேன். டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றான் தம்பி. "ஆன்டி-ஸ்கிட்" என்று எழுதிய டைல்ஸ் இல்லாத கடை இன்று இல்லை. ஆனால் எந்த அளவுக்கு வழுக்காது என்று கேட்டால், "சும்மா கையால தடவிப் பாருங்க சார்" என்பதுதான் பதில். கையால் தடவிப் பார்த்துக் காலுக்கு வாங்க வேண்டும்.

இதைச் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக நான் நினைக்கவில்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எதிர்பாராத காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நம்மைப் போன்ற நாடுகளில்; அதிலும் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். சாலை விபத்துக்கு ஹெல்மெட் சட்டம் இருக்கிறது. கொல்லைப் படிக்கு என்ன இருக்கிறது?

நெய்வேலியில் பார்த்த தளம்

வழி காட்டியவர் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர். கடலூரில் இரும்பு வேலை செய்கிற பலரைப் போல அவரும் இளம் வயதில் நெய்வேலி அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வெல்டராக இருந்தவர். படியின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "கிரேட்டிங் போட்டுடலாம் சார்" என்றார். "அங்க பாய்லர் பக்கம் நடக்கிற வழியெல்லாம் அதுதான். ஆயில் கொட்டும், தண்ணி கொட்டும், சாம்பல் விழும். எதுவும் மேல நிக்காது. மூணு மாடி உயரத்துல ராத்திரி ஷிப்ட்ல ஓடியிருக்கேன், ஒரு நாள் வழுக்கினதில்ல."

கிரேட்டிங்கைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது, பெயர்தான் தெரிந்திருக்காது. இரும்புப் பட்டைகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி வரிசையாக அடுக்கி, குறுக்கே முறுக்குக் கம்பிகளை வைத்து அழுத்திப் பற்றவைத்த தட்டி. ரயில் நிலைய நடைபாலங்கள், பெட்ரோல் பங்க் வாசல் கால்வாய், மால்களின் பின்பக்க அவசரப் படிக்கட்டு என்று எங்கும் உண்டு.

அது ஏன் வழுக்குவதில்லை என்று புரிய, டைல்ஸ் ஏன் வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும். பாலிஷ் போட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. காலுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஈரத்துக்குப் போக்கிடம் கிடையாது. மெல்லிய படலமாக அங்கேயே நிற்கிறது. நாம் தரையில் நடப்பதாக நினைத்துக்கொண்டு அந்தப் படலத்தின்மேல் நடக்கிறோம். கிரேட்டிங்கில் தண்ணீர் கீழே விழுந்துவிடுகிறது. தண்ணீர் மட்டுமா, சேறும் சருகும் சோப்பு நுரையும்தான். மிஞ்சுவது பட்டையின் விளிம்பும் செருப்பின் ரப்பரும். அந்த விளிம்பில் ரம்பம் மாதிரிப் பல் வெட்டியும் ஒரு வகை வருகிறது. எண்ணெய் கொட்டும் ஆலைகளில் அதுதான்.

செக்கர் ப்ளேட் போதாதா என்று கேட்டேன். பஸ் படியில், லாரியில், மாடிப்படியில் போடுகிற, மேலே சாய்சதுரப் புடைப்பு உள்ள தகடு. பட்டறைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அதுல ஓட்டை இல்லையே சார். தண்ணி அந்தப் புடைப்புக்கு நடுவுலயே நிக்கும். நாலு வருஷம் கால் பட்டா புடைப்பும் தேஞ்சு கண்ணாடி ஆயிடும்." டவுன் பஸ்ஸின் பின்படியில் மழை நாளில் ஏறியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

இரும்பில் ஓட்டை போட்டு அதன்மேல் நடக்கும் யோசனை ஒன்றும் புதிதல்ல. நியூயார்க்கில் 1904-ல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, சுரங்கத்துக்குள் காற்று போகவும் மேலே மனிதர்கள் நடக்கவும் ஒரே தளம் தேவைப்பட்டது. நடைபாதையில் பதித்த இரும்புத் தட்டிகள் அந்த இரண்டையும் செய்தன. அவற்றில் ஒன்று உலகப் புகழ் பெற்றது: லெக்சிங்டன் அவென்யூவில் 52-ஆம் தெரு ஓரம் 1954-ல் மர்லின் மன்றோ நின்றபோது கீழிருந்து வந்த காற்றில் வெள்ளைப் பாவாடை பறந்ததே, அந்தத் தட்டி. படத்தைப் பார்த்தவர்கள் யாரும் காலடியைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொரு கிளை போர்க்களத்தில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது சேற்று நிலத்தில் அவசர விமானத் தளம் போட அமெரிக்க ராணுவம் துளையிட்ட எஃகுப் பலகைகளைச் செய்தது. வட கரோலினாவின் மார்ஸ்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 1941-ல் சோதித்ததால் மார்ஸ்டன் பாய் என்று பெயர். பலகை ஒன்றுக்கு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 87 துளைகள், சுமார் 30 கிலோ. ஒன்றோடொன்று கொக்கியில் மாட்டிக்கொள்ளும். போர் முடிந்து படைகள் போய்விட்டன, பலகைகள் போகவில்லை. நம் வடகிழக்கு மாநிலங்களில் வீட்டு வேலியாகவும் ஓடைப் பாலமாகவும் அவை இன்னும் உழைக்கின்றன. சேற்றில் விமானச் சக்கரத்தையே பிடித்து நிறுத்திய தகடு, கொல்லைப் படியில் ஒரு காலைப் பிடிக்காதா?

தாங்குகிற கம்பி எது?

நம்பிக்கையோடு அளவு கொடுத்தேன். முதல் படி 3 அடி அகலம், ஓர் அடி ஆழம். இந்த அளவைச் சொன்ன விதத்தில்தான் தப்பு நடந்தது. பட்டறையில் அன்று அவர் இல்லை. உதவியாள் பையன் இருந்தான். மீதம் கிடந்த ஒரு துண்டு கிட்டத்தட்ட இதே அளவில் இருந்ததால் அதையே வெட்டிக் கொடுத்துவிட்டான். கொண்டுவந்து, இருபக்கமும் பொருத்தியிருந்த ஆங்கிளில் வைத்து நான் ஏறி நின்றதும் கயிற்றுக் கட்டில் மாதிரித் தொய்ந்தது.

மறுநாள் பட்டறைக்காரர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கிரேட்டிங்கில் இரண்டு வகைக் கம்பிகள். செங்குத்தாக நிற்கிற பட்டைதான் எடையைத் தாங்கும். குறுக்கே போகிற முறுக்குக் கம்பியின் வேலை, பட்டைகள் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும். ஆகவே பட்டை, ஒரு தாங்கு முனையிலிருந்து எதிர் முனை வரை போக வேண்டும். பையன் வெட்டியதில் பட்டைகள் படியின் ஓர் அடிப் பக்கமாகப் போயின. 3 அடி நீளத்தை அந்த மெல்லிய குறுக்குக் கம்பிகள் தாங்க வேண்டியதாகிவிட்டது. பார்வைக்கு இரண்டும் ஒரே தட்டிதான். இப்படித் திருப்பிப் போட்ட கிரேட்டிங்கில் ஆள் உள்ளே போன கதைகள் ஆலைகளில் நிறைய உண்டு என்றார் அவர். அளவு சொல்லும்போது நீளம், அகலம் என்று சொல்லக் கூடாதாம். "பட்டை ஓடுற பக்கம் இவ்வளவு, குறுக்கு இவ்வளவு" என்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைக் கத்தரித்து வைத்துக்கொள்வதென்றால் அதுவாக இருக்கட்டும்.

பட்டையை ஏன் நிறுத்தி வைக்கிறார்கள் என்பதற்குப் பள்ளிக்கூட மர ஸ்கேல் போதும். படுக்க வைத்து இரு முனையையும் பிடித்து அழுத்தினால் வளையும். விளிம்பில் நிறுத்தி அழுத்துங்கள், அசையாது. பட்டையின் கனத்தை இரட்டிப்பாக்கினால் பலம் இரட்டிப்பு. உயரத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்கு. அதனால் கனமான பட்டை கேட்டுப் பணத்தைக் கொட்டுவதைவிட, உயரமான பட்டை கேட்பது புத்திசாலித்தனம். இரும்புக் கடையில் எல்லாம் கிலோ கணக்கு. 25 மி.மீ. உயரம், 3 மி.மீ. கனமுள்ள பட்டைகளை 30 மி.மீ.க்கு ஒன்றாக அடுக்கினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23 கிலோ வரும். கனத்தை 5 மி.மீ. ஆக்கினால் 36 கிலோ. ஆள் மட்டும் நடக்கிற 3 அடிப் படிக்கு இந்த இரண்டாவது தாராளம். கார் ஏறுகிற இடம் என்றால் கணக்கே வேறு. அதை ஓர் இன்ஜினீயரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தட்டியின் ஒவ்வொரு முனையும் தாங்கு ஆங்கிளின்மேல் குறைந்தது 25 மி.மீ. உட்கார வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை செம்புதாஸ் தெருவும் சாத்தங்காடு இரும்புச் சந்தையும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் பட்டறைக்காரரை நம்பித்தான் ஆக வேண்டும்.

"இதுல எப்படிடா வெறுங்கால்ல நிக்கிறது?"

சரியாக வெட்டிய தட்டி வந்தது. பல் வெட்டிய வகை. ஆங்கிளில் போல்ட் போட்டு முடுக்கி, தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, நான் செருப்புக் காலோடு குதித்துக் காட்டினேன். அம்மா கதவருகே நின்று பார்த்தார். பிறகு வெறுங்காலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"இதுல எப்படிடா வெறுங்கால்ல நிக்கிறது? முள்ளுப் படுக்கை மாதிரி இருக்கு."

நெய்வேலியில் ஓடியவர் போட்டிருந்தது பாதுகாப்பு பூட்ஸ். நியூயார்க்கில் நடந்தவர்கள் போட்டிருந்தது ஷூ. மார்ஸ்டன் பாயில் இறங்கியது விமானச் சக்கரம். இந்தப் பொருளின் சரித்திரத்தில் எங்குமே ஒரு வெறுங்கால் இல்லை. நம் வீடுகளில் இருப்பதெல்லாம் வெறுங்கால்தான். கொல்லைக்குச் செருப்பு போட்டுப் போகிற பழக்கம் அம்மாவின் தலைமுறையில் கிடையாது. சமையலறைக்குள் செருப்பு வருவதும் ஆகாது.

அவர் அடுக்கிய குறைகள் ஒவ்வொன்றும் நியாயமானவை. கால் விரல் மெட்டி பட்டை இடுக்கில் மாட்டுகிறது. புடவைக் கரை பல்லில் சிக்குகிறது. சித்திரை வெயிலில் இரும்பு சுடும். பேத்தி தடுக்கி முழங்கால் பட விழுந்தால் தோல் உரிந்துவிடும். கையிலிருந்து ஸ்பூன் விழுந்தால் நேரே பாதாளம். கடைசியாக, கீழே பார்த்தால் ஓட்டை வழியே தரை தெரிகிறது, தலை சுற்றுகிறது. எழுபது வயதில் தரை தெரிவது பயம். பயந்து வைக்கிற கால்தான் முதலில் தடுமாறும்.

ஜெர்மனிக்காரர்கள் இதை எப்போதோ யோசித்திருக்கிறார்கள். அங்கே தரை வழுக்குமா என்று பார்க்க ஒரு சாய்தளச் சோதனை உண்டு. ஆளைக் கயிற்றில் பாதுகாப்பாகக் கட்டி, சாய்தளத்தின்மேல் நடக்கவிட்டு, அவர் சறுக்குகிற வரை சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். நம் ஊர் வழுக்கு மரம் ஏறும் போட்டியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனது மாதிரி. அதில் இரண்டு தனித்தனிச் சோதனைகள். ஒன்று பூட்ஸ் காலுக்கு: தளத்தில் இன்ஜின் ஆயில் ஊற்றுவார்கள், மதிப்பெண் R9 முதல் R13 வரை. இன்னொன்று வெறுங்காலுக்கு: சோப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள், மதிப்பெண் A, B, C. 24 டிகிரி சாய்விலும் வெறுங்கால் நின்றால்தான் C. நாம் டைல்ஸ் கடையில் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது மதிப்பெண்ணை. கேட்டுப் பாருங்கள், கேட்லாக்கில் பெரும்பாலும் R மட்டும்தான் இருக்கும். குளியலறைக்குள் யார் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறார்கள்?

பல் தட்டி பட்டறைக்குத் திரும்பியது. பதிலுக்கு வந்தது வேறொரு வகை: தகட்டிலேயே துளை குத்தி, துளையின் உதட்டை மேல்நோக்கி வட்டமாகப் புடைக்க வைத்த பலகை. இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டால் குழிகள் மேடாகத் தெரியுமே, ஏறக்குறைய அந்தத் தோற்றம், அளவில் மட்டும் சிறியது. சில புடைப்புகளின் நடுவில் பெரிய துளை, தண்ணீர் போக. இடையில் சின்னச் சின்னப் பொத்தான் புடைப்புகள், பிடிக்க. பாதத்தில் குத்தாது, அழுத்தும். மெட்டி மாட்டாது. தரை அவ்வளவாகத் தெரியாது. பூட்ஸுக்குப் பல் தட்டி கொடுக்கிற பிடி இதில் இல்லைதான். வெறுங்காலுக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

அம்மா நின்று பார்த்தார். ஒரு காலைத் தேய்த்துப் பார்த்தார். "பரவால்ல" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

வாசல் கால்வாய், கோலம், கைத்தடி

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் தரையைப் பார்க்கிற வியாதி வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் கிரேட்டிங் கேட்கிற முதல் இடம் வாசல் கேட். 2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கார் ஷெட்டிலிருந்து தெருவுக்கு ஓடும் தண்ணீரைப் பிடிக்க, கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு சின்னக் கால்வாய் வெட்டி மூடுகிற வழக்கம் அதிலிருந்து பரவியது. பெரும்பாலும் ஓட்டை போட்ட சிமென்ட் பலகை. ஓட்டை அடைத்துக்கொள்ளும், பலகை விரியும், ஒரு மழைக்காலத்தில் பைக் சக்கரம் இறங்கும். அங்கே கிரேட்டிங் போட்டால் தண்ணீர் விழுங்கும் வேகமே வேறு.

ஆனால் அங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கால்வாய்க்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். பட்டைகள் குறுகிய பக்கமாகத்தான் போக வேண்டும். அப்படிப் போட்டால் பட்டைகளுக்கு நடுவிலுள்ள நீள இடுக்குகள் நாம் நடக்கிற திசையிலேயே அமையும். 25 மி.மீ. இடுக்கு. தாத்தாவின் கைத்தடி நுனி அதில் இறங்கும். சக்கர நாற்காலியின் முன் சக்கரம் இறங்கி மாட்டும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகள் நடைதளத் துளை அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீள இடுக்கு என்றால் நடக்கிற திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வயதானவர்கள் உள்ள வீட்டில் நெருக்கமான பட்டை கேளுங்கள், அல்லது துளைத் தகடு போடுங்கள்.

விதிகளில் எங்கும் இல்லாத ஒரு பிரச்சினையும் உண்டு. கோலம். கேட்டை ஒட்டிக் கால்வாய் வந்தால் வாசல் கோலத்தின் பாதி கிரேட்டிங்குக்குள் கொட்டிவிடும். ஒரு வீட்டில் மருமகள் மார்கழி முழுக்கக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் பாதியாகவும் அந்தப் பக்கம் பாதியாகவும் புள்ளி வைத்து, நடுவில் வரி இல்லாமலேயே கோலத்தைச் சேர்த்துக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. இருந்தாலும் கால்வாயை இரண்டு அடி உள்ளே தள்ளி வெட்டியிருக்கலாம்.

மொட்டை மாடிக்கு வெளிப்புறமாகப் போகும் இரும்புப் படிக்கட்டு அடுத்தது. வெயிலும் மழையும் நேரடியாகப் படுகிற இடம், செருப்புக் காலோடு ஏறுகிற இடம். கிரேட்டிங்குக்காகவே பிறந்த இடம் என்று சொல்லலாம். ஆனால் கீழே நிற்பவர் அண்ணாந்தால் ஏறுகிற பெண்களுக்குச் சங்கடம். இதை வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தப் படியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். படிக்குப் பின்னால் உள்ள செங்குத்து இடைவெளியில் தகடு அடைத்து, மிதிக்கிற இடத்துக்குத் துளைத் தகடு போட்டால் தீர்ந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்குக் குறைந்தது 250 மி.மீ. மிதி அகலம், அதிகபட்சம் 190 மி.மீ. உயரம் என்கிறது. இடத்தை மிச்சம் பிடிக்க ஏணி மாதிரிக் கட்டிவிட்டு வழுக்காத தகடு போடுவதில் பிரயோஜனமில்லை.

சம்ப் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதமாகப் பேசுவேன். கீழ்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தண்ணீர் லாரிக்காரருக்காகத் திறந்துவிட்டு, மூட மறந்து, குழந்தையைப் பறிகொடுத்த செய்தியை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். மூடிக்குக் கீழே இன்னொரு கதவாக, கீல் வைத்த ஒரு கிரேட்டிங் சட்டம் போடுங்கள். ஹோஸ் குழாய் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விட்டு, பூட்டும் போட்டுவிடுங்கள். மூடி திறந்திருந்தாலும் தண்ணீர் போகும், குழந்தை போகாது. இந்தச் செலவில் யோசிக்கவே கூடாது.

உப்புக் காற்று

கடலூரில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஜன்னல் கம்பியே பொருக்கு பொருக்காக உதிரும். எனவே ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயின்ட் அடித்தால் போதும் என்ற யோசனையைப் பட்டறைக்காரரே தள்ளிவிட்டார். பெயின்ட் கனமாக ஏறினால் பிடிப்புக்கான விளிம்பே மழுங்கிவிடும். நடக்கிற இடத்தில் முதலில் தேய்வதும் பெயின்ட்தான்.

முக்கி எடுத்த ஜி.ஐ. வேண்டும். சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் தட்டியை முழுதாக அமிழ்த்தி எடுப்பது. இந்தக் கனத்துப் பட்டைகளில் 70 மைக்ரான் அளவுக்குத் துத்தநாகம் ஒட்டும், இரும்போடு கலந்தே ஒட்டும். மின்முலாம் பூசியது பளபளவென்று அழகாக இருக்கும். பூச்சு பெரும்பாலும் 25 மைக்ரானைத் தாண்டாது. எல்லாவற்றையும்விட மோசம், சில்வர் பெயின்ட் அடித்து ஜி.ஐ. என்று விற்பது. சாவி நுனியால் கீறினால் உரிந்து வரும். உண்மையான முக்கல் வேலையில் ஓரங்களில் துத்தநாகம் மணி மணியாக உறைந்து, கொஞ்சம் அசிங்கமாகவே இருக்கும். அசிங்கம்தான் அடையாளம்.

வெட்டுவது, பற்றவைப்பது எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் முக்க வேண்டும். முக்கிய பிறகு வெட்டினால் வெட்டிய முனை அம்மணம். துரு அங்கிருந்துதான் கிளம்பும். முக்கிய பிறகு பற்றவைப்பது வெல்டருக்கும் ஆகாது. துத்தநாகப் புகையை இழுத்தால் அன்று ராத்திரி குளிர்க் காய்ச்சல் தூக்கிப்போடும். "பால் குடிச்சா சரியாயிடும்னு சொல்லுவாங்க சார். குடிச்சும் பார்த்திருக்கேன், பாலுக்குத்தான் செலவு" என்றார் பட்டறைக்காரர். வேலைக்கு அவசரப்படுத்துகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். முக்கும் தொட்டி எல்லா ஊரிலும் இல்லை. போய்வரப் பத்து நாள் ஆகும். ஆகட்டும்.

துருப்பிடிக்காத எஃகிலும் செய்யலாம். ஆனால் கடற்கரை ஊரில் சாதாரண 304 ரகம் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்புப் புள்ளி வைக்கும். மாலிப்டினம் கலந்த 316 தேவை. விலையைக் கேட்டபோது அம்மா சிரித்தார்.

இத்தனை சொல்லிவிட்டு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்குள்ளே, குளியலறையில், பூஜை அறை வாசலில் கிரேட்டிங் வேண்டாம். குளியலறைத் தண்ணீர் வடியும் நானி டிராப்புக்கு மேலே ஒரு சின்ன ஜாலி போதும். அங்கெல்லாம் வெறுங்காலுக்கு இதமானது சொரசொரப்பான கல்தான், அதற்கு நம்மிடம் பழைய வித்தை இருக்கிறது. அம்மி கொத்துகிறவர் தெருவில் வருவாரே, அவர் உளியால் செய்வது அதைத்தான்: வழவழத்துப்போன கல்லில் நுண்ணிய குழிகள். கிணற்றடிக் கருங்கல்லை அவரிடம் கொடுத்துக் கொத்தவைத்தோம். "அம்மி கொத்தக் கூப்பிடுவாங்க, தரை கொத்தக் கூப்பிட்டது நீங்கதான்" என்றார். அரை நாள் வேலை. மிக்ஸி வந்த பிறகு அவர் வருவதே அபூர்வமாகிவிட்டது. இப்போது பல ஊர்களில் ஆளே இல்லை.

தட்டியைப் பற்றவைக்காமல் கிளிப்பும் போல்ட்டும் போட்டுப் பொருத்தச் சொன்னேன். அடியில் குப்பை சேரும், தண்ணீர் தேங்கினால் கொசு வரும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும். போன பங்குனியில் முதன்முறையாகக் கழற்றினேன். அடியில் மூன்று துணி கிளிப், ஒரு டீஸ்பூன், வேப்பஞ்சருகு, பேத்தியின் பிளாஸ்டிக் யானை. ஈர மூலையில், எங்களைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஒரு தேரை. துடைப்பத்தை எடுத்தேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் அம்மா, கவிழ்த்து வைத்த தகட்டைத் தேங்காய் நாரால் தேய்த்தபடி. "ஸ்பூனை மட்டும் எடு."